கூப்பிட்டால் வருபவை

வாளியம்மா வீட்டு அடுப்படியில் எதை எடுத்தாலும் பிளாஸ்டிக்தான். குடம், தட்டு, டம்ளர், முகந்து ஊற்றும் குவளை எல்லாம் பிளாஸ்டிக். அடுப்பில் ஏற்றும் இரண்டு பாத்திரம் மட்டும் விதிவிலக்கு, அதற்கும் மூடி மரத்தில். "என்னக்கா, பிளாஸ்டிக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கிண்டலடித்தாள். வாளியம்மாவும் கூடவே சிரித்தாள், காரணம் மட்டும் சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டிலாவது ஒரு தகரப் பாத்திரம் 'டங்'கென்று விழுந்தால் போதும், அவள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பாள். யாரோ வருகிறார்கள் என்பது போல அந்தப் பார்வை இருக்கும். நல்ல வெயில் நேரத்தில்கூடக் கை மயிர் சிலிர்த்து நிற்கும்.

பெயரைக் கேட்டு என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். மலைப்பக்கத்து மான் பண்ணையில் தீவனம் வைக்கிற வேலை, கையில் எப்போதும் ஒரு தகர வாளி, அதனால் வாளியம்மா. அவ்வளவுதான்.

பண்ணைக்கு அவள் முதலில் வந்தது துணி துவைக்க. மான் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு மாடி அறைகள் உண்டு. அந்தப் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பாள். ஒரு வருஷம் ஒரு மான் தன் குட்டியைச் சேர்க்காமல் உதைத்துத் தள்ளிவிட்டது. "அது தேறாதும்மா, விட்ருங்க" என்றார் முதலாளி. விட்டுவிடுகிற ஆளா இவள்! குட்டியை அழுக்குத்துணிக் கூடையில் போட்டுத் துணி அறைக்குள் கொண்டுவந்துவிட்டாள். புட்டியில் பால் கொண்டுபோனால் அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கெஞ்ச வேண்டும், கொஞ்ச வேண்டும். அப்புறம் போனால் போகிறதென்று இரண்டு வாய் குடிக்கும். "அம்மாடி, எவ்வளவு ராங்கி இதுக்கு! பால் குடிக்கிறதே நமக்குச் செய்ற உபகாரம் மாதிரி" என்பாள். ராங்கி என்றே பெயர் நின்றுவிட்டது. ராங்கி பிழைத்தது, வளர்ந்தது, மந்தையோடு சேர்ந்தது. ஆனால் இவள் வாசனை பட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்து முழங்கையில் மூக்கை வைத்து ஒரு தள்ளு தள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி அவள் கையில் தீவன வாளியைக் கொடுத்தார்.

அப்போதெல்லாம் தீவனம் வைப்பது உச்சி வெயிலில், மேட்டில். பண்ணையின் மேல்பாதி காய்ந்த மேடு, எந்நேரமும் காற்று வீசும். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை, குட்டைக்கரையில் ஒரு பெஞ்சு. வாளியம்மா மேட்டில் நின்று வாளியின் விளிம்பில் அகப்பைக் காம்பால் 'டங் டங்' என்று தட்டுவாள். எங்கெங்கோ மேய்ந்துகொண்டிருந்த மான்கள் காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். மான் என்றால் நிழலைக் கண்டு மிரளும் ஜந்து. அது கூப்பிட்டால் ஓடி வருகிறதென்றால் சும்மாவா? அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இருக்கட்டுமே.

வீட்டில்தான் விளக்கெரியவில்லை. புருஷன் லாரி ஓட்டியவர். ஊர் ஊராகச் சுற்றி, கண்ட இடத்தில் சாப்பிட்டு, கண்ட இடத்தில் தூங்கி, வாய் ஓயாமல் கதையளந்த மனுஷன். ஒரு விபத்தில் முதுகெலும்பு அடிபட்டது. கம்பு ஊன்றிக் கொஞ்ச தூரம் நடக்கலாம், ஏற்றம் ஏற முடியாது, அதோடு சரி. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கத் தொடங்கினார். அவள் காலையில் வேலைக்குப் போகும்போதும் சுவர், திரும்பி வரும்போதும் அதே சுவர். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் பேசினால் "ம்" என்பார், கூட ஒரு "ம்" சேர்த்தால் அது பெரிய பேச்சு. அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு வாளியம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தீவனத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினால் என்ன? மேட்டில் இல்லாமல் குட்டைக்கரையில் வைத்தால் என்ன? கேட்டுக்குப் பக்கம், சமதரை, உட்காரப் பெஞ்சு இருக்கிறது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்துவிடலாம். முதலாளியிடம் கேட்டாள். அவருக்கு வாயெல்லாம் பல். மாடி அறைக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மான் கூட்டத்தைப் பார்க்கலாம், தண்ணீரில் அந்திவெயில் வேறு. "பேஷா செய்ங்கம்மா!" என்றார்.

மந்தை இரண்டே வாரத்தில் புது நேரத்துக்குப் பழகிவிட்டது. அவள் தட்டும் முன்பே குட்டையோரம் வந்து காத்து நின்றது. லாரிக்காரருக்கு உயிர் திரும்பியது. மான்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். கறுத்துத் தடித்த ஆண்மான் டீசல். அம்மா பின்னாலேயே தொங்கிக்கொண்டு திரியும் குட்டி ஸ்டெப்னி. எதற்கெடுத்தாலும் 'க்வாக்' என்று கத்தும் கிழட்டுப் பெண்மான் ஹாரன். ஹாரனுக்கும் அவருக்கும் தனி ஒப்பந்தம். பெஞ்சுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒடுக்கமான வழிதான் உண்டு, அவர் நீட்டிய கால் வழியை மறிக்கும். ஹாரன் வந்து நின்று ஒரு கத்துக் கத்தும். "இரு தாயே, வழி விடுறேன்" என்று காலை மடக்கிக்கொள்வார். வாளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இப்படி ஒன்றாக உட்கார்ந்ததில்லை.

ஒரே தொல்லை பூச்சி. அந்தி சாய்ந்ததும் கரைச்சேற்றிலிருந்து கிளம்பும் பொடிப்பூச்சி. கடுகில் பாதிகூட இருக்காது, கொசு மாதிரி ரீங்காரமும் கிடையாது, கடித்த பிறகுதான் தெரியும். அவள் அவர் காலில் எண்ணெய் தடவி விடுவாள். மான்கள் காதை அடித்துக்கொள்ளும், தோலைச் சிலிர்க்கும், தின்றுகொண்டே இருக்கும். பூச்சி கடிக்காத மாடா மானா என்று இருந்துவிட்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குட்டை சுருங்கிச் சுருங்கிச் சுற்றிலும் அகலமாகச் சேறு கண்டது. அதில் மான் குளம்புகள் மிதித்து மிதித்துக் குழிக்குழியாய்த் தண்ணீர் தேங்கியது.

முதலில் போனது டீசல். காலையில் பார்த்தால் தண்ணீரில் தலையை வைத்துக் கிடந்தது. சண்டையில் மூழ்கியிருக்கும் என்றார்கள். மறுபடி ஒன்று, அதுவும் தண்ணீரோரம்தான். நாக்கு வீங்கி, நீலம் பாரித்து, வாய்க்கு வெளியே தொங்கியது. மூக்கில் ரத்தம். அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் வாளியம்மா முதலில் ஓடிப்போய்க் குட்டைக்கரையைத்தான் பார்த்தாள். எவனோ விஷம் வைத்துவிட்டான் என்று முதலாளி குதித்தார். தீவனத்தில்தான் கோளாறு என்று அவள் இருந்த மூட்டைகளை எல்லாம் தீ வைத்துக் கொளுத்தினாள். ஸ்டெப்னியின் அம்மா செத்தது. அடுத்த நாளே ஸ்டெப்னியும்.

கால்நடை டாக்டரம்மா வந்தார், ரத்தம் எடுத்துக்கொண்டு போனார், முடிவோடு திரும்பி வந்தார். குட்டைக்கரையில் குனிந்து, குளம்புக்குழி ஒன்றிலிருந்து விரலால் கொஞ்சம் சேற்றை வழித்துக் காட்டினார்.

"இது வைரஸ் நோய். மானுக்கு மான் தொத்தாது, நமக்கும் வராது. நடுவுல பூச்சி வேணும். நோய் உள்ளதைக் கடிச்ச பூச்சி, நல்லா இருக்கறதைக் கடிச்சா அதுக்கும் வந்துடும். காய்ச்சல்ல உடம்பு கொதிக்கும், அதான் தண்ணியத் தேடி வந்து சாகுதுங்க. மருந்து கிடையாது. பூச்சி கடிக்காம பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

"எந்தப் பூச்சி டாக்டர்?" என்றார் முதலாளி.

"கடுகு மாதிரி இருக்குமே, பொடிசா. இந்த மாதிரி மிதிபட்ட சேத்துலதான் பெருகும். காத்து அடிச்சா பறக்காது. அந்தியிலயும் விடியலுக்கு முன்னாடியும்தான் கடிக்கும்." டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார். "சாயங்கால நேரத்துல இதுங்க எங்க இருக்கும்?"

முதலாளி தன் செருப்பைப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கும்" என்றாள் வாளியம்மா. "நான் கூப்பிடுவேன். வரும்."

"உங்க தப்புன்னு சொல்லலம்மா. யாருக்குத் தெரியும்?"

"என் தப்பு இல்லாம பின்ன யார் தப்புங்க? மேட்டுல தின்னுட்டு சிவனேன்னு கிடந்ததுங்க."

குட்டைத் தண்ணீரை இறைத்துவிடலாம் என்றார் முதலாளி. கூடவே கூடாது என்றார் டாக்டரம்மா. தண்ணீரை வடித்தால் மொத்தமும் சேறு, பூச்சிக்கு இன்னும் கொண்டாட்டம். மானைத் துரத்திப் பிடித்துக் கொட்டகையில் அடைத்தால் பயத்திலேயே பாதி செத்துப்போகும். குட்டையைச் சுற்றித் தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போடுவதற்குள் மீதியும் போய்விடும். மேட்டில் தொட்டித் தண்ணீர் வைத்து, உச்சி வெயிலில் தீவனத்தைக் கொட்டி, அந்தி நேரத்தில் அவற்றை மேட்டிலேயே நிறுத்திவிட்டால் போதும். குளிர் இறங்கி உறைபனி விழுந்தால் பூச்சி செத்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

சொல்வதற்கு எளிது. வாளியம்மா வாளியைத் தொடவே இல்லை. ஆனாலும் அந்தி சாய்ந்ததும் மந்தை தன்பாட்டுக்கு இறங்கி வந்தது. பெஞ்சைச் சுற்றி நின்று கேட்டைப் பார்த்துக் காத்திருந்தது. பூச்சி மொய்த்தது. அசையவில்லை.

"பழக்கம். இந்த நேரம், இந்த இடம், அந்த வாளி, எல்லாம் சேந்தா சாப்பாடுன்னு பதிஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா. பிறகு வாளியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதே வாளிதான் இப்ப பயம்னு பதியணும். வேற ஆளு துரத்தினா கொஞ்ச தூரம் ஓடிட்டு, நீங்க வருவீங்கன்னு திரும்பி வந்துடும். நீங்களே துரத்தணும்மா."

வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லாரிக்காரர் சொன்னார்.

"என்னை அந்த பெஞ்சுல கொண்டாந்து உக்கார வச்சிருக்கக் கூடாது நீ."

"வாய மூடுங்க!" என்று சீறினாள். "உங்களை உக்கார வச்சது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்குவேன்?" சொல்லிவிட்டு அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் தானும் வருவேன் என்றார்.

மறுநாள் அந்தியில் மந்தை இறங்கி வந்தது. வாளியம்மா ஒரு இரும்புக் கம்பியால் வாளியை ஓங்கி ஓங்கி அடித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். லாரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தகரத்தைக் கம்பால் மொத்தினார். மான்கள் வெருண்டு சிதறின. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தன. இது நம் ஆள்தானே, ஏதோ விளையாடுகிறாள் என்பது போல ஒவ்வொன்றாய் மறுபடி வரத் தொடங்கின. இருட்டும்வரை இதே பாடு. அடுத்த நாளும் அதே பாடு.

அதற்கடுத்த நாள்தான் அந்த அந்தி. அதை வாளியம்மா யாரிடமும் சொன்னதில்லை. லாரிக்காரருக்குத் தெரியும், அவர் பக்கத்தில் இருந்தார்.

ஹாரன் முதலில் வந்தது. முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது, வாயிலிருந்து நுரை ஒழுகியது. அவள் வாளியை அடித்தாள். மற்றவை நின்றுவிட்டன, ஹாரன் மட்டும் வந்தது. ஓட அதற்குத் தெம்பில்லை, ஓடத் தோன்றவும் இல்லை. அந்தச் சத்தம்தானே இத்தனை நாள் கூப்பிட்டது. பெஞ்சுக்குப் பக்கம் வந்து வாயைத் திறந்தது, கத்த வரவில்லை. அவர் காலை மடக்கிக்கொண்டார். அது அந்த ஒடுக்கமான வழியில் போய் வாளியம்மாவின் காலடியில் சரிந்து, அவள் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துவிட்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது.

அவளுக்கு அப்படியே உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெற்ற வயிறு வேறென்ன செய்யும்? ஆனால் பின்னால் மொத்த மந்தையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இவள் உட்கார்ந்தால் எல்லாம் வந்துவிடும்.

அடித்தாள். சாகிற மானின் தலைக்கு மேலே வாளியைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அதன் காது துடித்தது. "போங்கடி! போய்த் தொலைங்கடி!" என்று கத்தினாள். மந்தை பின்வாங்கியது. ஒன்றே ஒன்று பின்வாங்கவில்லை. ராங்கி.

தலையை உயர்த்திக்கொண்டு, ஒவ்வொரு காலாய் எடுத்து வைத்து, நேரே அவளிடம் வந்தது. அவள் கல்லை எடுத்தாள். "வராதடி. கும்புடுறேன், வராத." வந்தது. எறிந்தாள். முன்னங்காலில் பட்டது. ராங்கி நின்றது, ஓடவில்லை. அவளைப் பார்த்தது. புட்டிப்பாலுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமே, அப்படி இப்போது திருப்பிக்கொள்ளக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே நின்றது. அவள் வாளியையே தூக்கி அதன்மேல் எறிந்தாள். அது விலாவில் மோதி உருண்டது. அப்போதுதான் ஓடியது.

அன்றைக்கு ஹாரன் போயிற்று. மறுநாள் அந்தியில் மந்தை பாதி மேட்டில் நின்றுவிட்டது. அவள் வாளியை ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாம் மேலே ஓடின. அதற்கப்புறம் இறங்கவே இல்லை. ஏற்கெனவே நோய் கண்ட சில மட்டும் தண்ணீர் தேடி வந்து செத்தன. பிறகு சாவு நின்றது. ஒரு விடியற்காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. "தப்பிச்சோம்மா, இனி பயமில்லை" என்று டாக்டரம்மா போனில் சொன்னார். மந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அந்த மிச்சத்தில் ராங்கியும் இருந்தது.

குளிரோடு குளிராகக் குட்டையை வடித்து, லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கினார் முதலாளி. மேலே சரளை பரப்பினார்கள். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பெஞ்சு மட்டும் அங்கேயே நின்றது.

வாளியம்மா ஆசையாசையாகத் தீவனம் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் மேட்டுக்குப் போனாள். கையிலிருந்த வாளி லேசாக அசைந்து கிறீச்சிட்டது, அவ்வளவுதான். மந்தை வேலியில் போய் மோதிக்கொண்டு ஓடியது. வாளியை வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்ப் பார்த்தாள். அவளைக் கண்டாலே ஓடியது. ராங்கி முன்னங்காலை நொண்டிக்கொண்டு ஓடியது.

"என் கல்லு பட்ட கால்தானே அது?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"இல்லம்மா. அதுக்கும் காய்ச்சல் வந்து பிழைச்சிருக்கு. பிழைச்சதுங்களுக்குக் குளம்பு இப்படி வெடிக்கும். வளந்து சரியாயிடும்."

நம்பினாளா என்று கேட்டால் தெரியாது. தீவனம் வைக்க வேறொருவனை வைத்தார்கள். அவள் பழையபடி படுக்கை விரிப்புகளுக்குத் திரும்பினாள். துணிகளுக்கு ஓடத் தெரியாது, அது ஒரு நிம்மதி.

மறு வருஷம் வெயில் தொடங்கிய சமயம். ஒரு சாயங்காலம் லாரிக்காரர் தானாகவே, "அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்றார். போனார்கள். துணி அறை மூலையில் கிடந்த பழைய வாளி, ஒரு பக்கம் நசுங்கியது, எப்படியோ அவள் கையோடு வந்திருந்தது. முன்னால் காய்ந்த சரளை மேடு. தூரத்தில் மேட்டில் மந்தை மேய்ந்தது.

"ஒரு தடவை தட்டிப் பாரேன்" என்றார் அவர். "அடிக்காத. பழையபடி தட்டு. ஒருவேளை அந்தப் பயம் மறந்திருக்கும்."

அவள் விரல் முட்டியால், மெல்ல, பழைய தாளத்தில் தட்டினாள். டங் டங்.

மேட்டில் எல்லாத் தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. அடுத்த நொடி மந்தை மொத்தமும் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் மறைந்தது. கடைசியாக ராங்கி, நொண்டி நொண்டி. அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழைச்சுக் கிடக்கட்டும்" என்றாள் வாளியம்மா. "என்னைக் கண்டு ஓடினாத்தானே பிழைக்கும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காற்று நின்றுபோயிருந்தது. அப்போது அவளுக்குக் கேட்டது. சளக். சளக். சேற்றிலிருந்து குளம்பைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிற சத்தம். ஒன்றல்ல, பலது. தண்ணீர் இல்லாத, சேறு இல்லாத, சரளை கொட்டிய மேட்டிலிருந்து அவர்கள் பக்கமாக வந்தது. மனப்பிரமை என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாதத்தின் மேல் ஏதோ வெதுவெதுத்தது. கண்ணைத் திறந்தாள். எதுவும் இல்லை. பக்கத்தில் திரும்பினாள்.

லாரிக்காரர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க... எதுக்குக் காலை மடக்குறீங்க?"

அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "நீ கூப்பிட்ட இல்ல? வந்திருக்குங்க. வழி விட்டேன்."

வாளியம்மா மடியில் இருந்த வாளிக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம் துருவும் ஒரு காய்ந்த சருகும் கிடந்தன.

"ஐயோ" என்றாள், "இதுல ஒண்ணுமே எடுத்துட்டு வரலையேங்க."